கேள்வி எண் அறுபத்தொன்று

உலகை முதன்முதலில் கடல்வழியே சுற்றி வந்தவர் யார்?
நான்கு பெயர்கள்.
கைடு இரண்டாவதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் இரவு ஷிப்ட்,
டிரம் உருளும் சத்தத்தில்
மனப்பாடம் தானாக ஏறும்.
மெகல்லன், மெகல்லன் என்றே அது சுற்றுகிறது
வயிறு நிறைய ஆட்டுத்தோலோடு.

நூலகத்துப் புத்தகம் வேறு சொன்னது.
பாதி வழியில், ஏதோ ஒரு தீவின் கரையில்,
அலை நனைக்கும் இடத்திலேயே
ஈட்டிகள் பட்டு விழுந்துவிட்டான்.
ஐந்து கப்பலில் ஒன்றுதான் சுற்றி முடித்தது.
அதிலிருந்து இறங்கிய பதினெட்டுப் பேர்
வெறுங்காலோடு, மெழுகுவர்த்தி ஏந்தி
கோயிலுக்கு நடந்தார்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பெருங்கடல்.
புயலே இல்லை, அதனால்
அமைதிக் கடல் என்று பெயர் வைத்தான்.
மூன்று மாதம் இருபது நாள்.
பிஸ்கட் புழுத்துத் தூளாயிற்று, தண்ணீர் மஞ்சளித்தது,
எலிக்கு விலை பேசினார்கள்.
கடைசியில்
பாய்மரக் குறுக்குக்கட்டையில் சுற்றியிருந்த மாட்டுத்தோலை அவிழ்த்து
நான்கைந்து நாள் கடலில் ஊறவிட்டு
தணலில் வாட்டித் தின்றார்கள்.

டீ நேரத்தில் இதை வாசித்துக் காட்டினேன்.
எத்திராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.
"நாலு நாளு பத்தாதே. வெயில்ல கெடந்த தோலு."
"உப்புத்தண்ணி இல்ல? இளகும்" என்றான்
தரம் பிரிக்கிற அயூப்.
"அடிவயித்துத் தோலா, முதுகா?"
புத்தகத்தில் அது இல்லை.
"குரோம் வராத காலம், அதான் பொழச்சான்.
நம்ம சரக்கத் தின்னிருந்தா பதினெட்டும் தேறாது."
சிரித்தோம்.
பிறகு ஏனோ யாரும் பேசவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாயில்
நீலமாக ஏதோ போய்க்கொண்டிருந்தது
மலட்டாற்றைப் பார்த்து.

இன்னொருவன் இருந்தான்.
மலாக்காவில் விலைக்கு வாங்கப்பட்டவன்,
என்ரீக்கே என்று ஞானஸ்நானப் பெயர்.
மேற்கே கொண்டுபோனார்கள்,
மேலும் மேற்கே கொண்டுபோனார்கள்,
ஒரு காலையில்
படகில் வந்த அந்நியர்களுக்கு
அவன் பேசியது புரிந்தது.
கப்பலில் அத்தனை பேரும் வியந்தார்கள்.
அவன் என்ன நினைத்தான் என்று
எழுதுகிறவன் கேட்கவில்லை.
நான் செத்தால் இவனை விட்டுவிடுங்கள் என்று
எசமான் உயில் எழுதியிருந்தான்.
எசமான் செத்தான். விடவில்லை.
கொஞ்ச நாளில் அவன் பக்கங்களிலிருந்து காணாமல் போகிறான்.
வீடு போய்ச் சேர்ந்திருந்தால்
அவன்தான் விடை.

ஞாயிறு, காட்பாடியில் ஒரு பள்ளிக்கூடம்.
ஆறாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது.
அறுபத்தொன்றாவதாக வந்தது.
நான்கு வட்டம், ஐந்தாவதாக ஒன்று:
விடை தெரியவில்லை.
என்ரீக்கேவுக்கு வட்டமே இல்லை.
ஐந்தாவதின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கழுவிக் கழுவியும் போகாத நீலம் நகக்கண்ணில்.
ஒன்றரை மதிப்பெண்.
எனக்கு முப்பத்தி நாலு வயது.
"கோட்டைத் தாண்டாம நிரப்புங்க" என்றபடி
கண்காணிப்பாளர் அம்மா கடந்து போனார்.
இரண்டாவதைக் கருப்பாக்கினேன்,
சுற்றிச் சுற்றி,
முழுதாகச் சுற்றாதவனுக்கு
முழு வட்டம்.

குடியாத்தம் தாண்டும்போது எத்திராஜ் போன் செய்தார்.
"வந்துச்சா அந்தத் தோல் தின்னவன் கேள்வி?"
"வந்துச்சு."
"இன்னா போட்ட?"
"கைடுல இருக்கறத."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் டிரம் சத்தம் மட்டும்.
"சரி. ராத்திரிக்கு வந்துடு,
ஊறப்போட்ட லோடு எடுக்கணும்."